பாதி சீசனில் ஒரு டீமை எடை போடுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

நம் ஆண்டு மலரில் கவிதை எழுத ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. காதல், நட்பு, அம்மா மூன்றும் போன வருடமே புக் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்தான். கால்பந்து. விளையாடும் கால்பந்து அல்ல (அதற்கு எங்கள் ஹாஸ்டலில் வேறு வீரர்கள் இருக்கிறார்கள்), நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்க்கும் கால்பந்து.

ஒவ்வொரு வருடமும் லீக் பாதி தாண்டியதும் ஹாஸ்டலில் ஒரு தீர்ப்பு வழங்கப்படும். மொபைலில் பாயிண்ட் டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த டீம் அவ்ளோதான்டா, கோச்சை மாத்தணும்" என்பார்கள். அல்லது, "கப்பு நமக்குத்தான், எழுதி வச்சுக்கோ!" என்பார்கள். இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான், வேறு வேறு வருடங்களில். பாதியில் நின்றுகொண்டு ஒரு டீம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் எதை வைத்து? இதுதான் கட்டுரை.

முதலில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஓசூர்க்காரனுக்கு எந்த டீம்? நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சுமார். சென்னை நேரு மைதானத்துக்கு முந்நூறுக்கு மேல். தூரத்தை வைத்துப் பார்த்தால் நாம் பெங்களூரு எஃப்.சி., பாஷையை வைத்துப் பார்த்தால் சென்னையின் எஃப்.சி. எங்கள் ரூமில் நாலு பேர். ஒருவன் வீட்டில் கன்னடம், ஒருவன் வீட்டில் தெலுங்கு, இருவர் தமிழ். 2018 மார்ச் 17 அன்று இந்த இரண்டு டீமும் ஐ.எஸ்.எல். ஃபைனலில் மோதியது அதே கண்டீரவாவில்தான். முதல் கோல் பெங்களூருவின் சுனில் சேத்ரி அடித்தார். கடைசியில் 3-2 என்று ஜெயித்தது சென்னை. அன்று நாங்கள் எல்லோரும் ஐந்தாவது ஆறாவது படித்துக்கொண்டிருந்த பொடிசுகள். ஆனாலும் அந்த மேட்சைப் பற்றி இன்றும் ரூமில் சண்டை வருகிறது. நான் இரண்டு டீமையும் எழுதுகிறேன், யாரும் அடிக்க வரவேண்டாம்.

அந்த 2017-18 லீக்கில் பெங்களூரு 18 மேட்சில் 40 பாயிண்ட் எடுத்து டேபிளில் முதலிடம். சென்னை 32 பாயிண்ட், இரண்டாமிடம். எட்டு பாயிண்ட் வித்தியாசம்! ஆனாலும் கோப்பை இரண்டாவது டீமுக்குப் போனது. காரணம், ஐ.எஸ்.எல்.லில் கோப்பைக்கு லீக் முடிந்த பிறகு நாக்-அவுட் நடந்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக் மாதிரி 38 மேட்ச் முடிந்ததும் மேலே இருப்பவன் சாம்பியன் என்று இருக்கவில்லை. ஆகவே அப்போது நம் லீக்கில் பாதி சீசனில் கேட்க வேண்டியிருந்த கேள்வி "முதல் இடம் வருமா" என்பது அல்ல. "நாக்-அவுட் இடத்துக்குள் நுழையுமா" என்பதுதான். கேள்வியைத் தப்பாக வைத்தால் பதில் எப்படி சரியாக வரும்? மார்க் போடும் வாத்தியார்கள் இதை நமக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார்கள்.

பாயிண்ட் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் 3, டிரா 1, தோற்றால் பூஜ்யம். முன்னே ஜெயித்தால் 2தான். இங்கிலாந்து லீக் 1981இல் மூன்றாக்கியது, உலகக் கோப்பையில் 1994இல்தான் வந்தது. டிராவுக்கு ஆடி ஆடி ஜனங்களைத் தூங்க வைத்தார்கள் என்பதால் செய்த மாற்றம். இதனால் ஒரு விளைவு உண்டு. தொடர்ந்து நாலு மேட்ச் ஜெயித்தால் டேபிளில் ராக்கெட் மாதிரி ஏறலாம். அப்படி ஏறிய கதைதான் இனி.

சென்னையின் எஃப்.சி., 2015. கோச் இத்தாலியின் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான். அந்த வருடம் லீக்கில் எட்டு டீம், ஒவ்வொரு டீமுக்கும் 14 மேட்ச். அப்போ பாதி என்பது ஏழு மேட்ச். பழைய ரிசல்ட்டுகளை எல்லாம் தேடி வரிசையாக நோட்டில் எழுதினேன்.

முதல் மேட்ச் சென்னையிலேயே கொல்கத்தாவிடம் 2-3 தோல்வி. டெல்லிக்குப் போய் 0-1 தோல்வி. "முடிஞ்சுது" என்று நினைக்கும்போது கோவாவுக்குப் போய் 4-0 வெற்றி, அதில் மெண்டோஸா ஹாட்ரிக். மும்பைக்குப் போய் 2-0 வெற்றி. குவாஹாட்டியில் நார்த்ஈஸ்ட்டிடம் 0-2 தோல்வி. சென்னையில் புனேவை 2-1 என்று ஜெயித்தது. கொச்சியில் கேரளாவுடன் 1-1. ஏழு மேட்ச் முடிந்தது. மூன்று வெற்றி, ஒரு டிரா, மூன்று தோல்வி. பத்து பாயிண்ட். அடித்தது 11, வாங்கியது 8.

இப்போது நீங்கள்தான் ஜட்ஜ். இந்த டீம் எப்படி?

கோல் வித்தியாசம் பிளஸ் 3 என்று டேபிள் சொல்லும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கோவாவில் அடித்த அந்த நாலு கோலைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் ஆறு மேட்சில் அடித்தது 7, வாங்கியது 8. அதாவது மைனஸ்! ஒரே ஒரு மேட்ச் மொத்த சராசரியையும் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நமக்கு மெஷர்மென்ட் லேபில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சராசரி மட்டும் பார்க்காதே, ரேஞ்சையும் பார். 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கேட்டால், ஒன்று 19.5, ஒன்று 20.5 என்று கடைந்து வைத்துவிட்டு, "சார், சராசரி சரியா 20 சார்" என்றால் இன்ஸ்ட்ரக்டர் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். கோல் வித்தியாசமும் அப்படித்தான். ஒரு நாள் நாலு கோல் அடித்ததை அடுத்த மேட்சுக்குக் கடன் கொடுக்க முடியாது.

அடுத்து எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள். இதுதான் டேபிளில் கண்ணுக்குத் தெரியாத விஷயம். அந்த ஏழில் சென்னையில் ஆடியது இரண்டே இரண்டு. டெல்லி, கோவா, மும்பை, குவாஹாட்டி, கொச்சி என்று ஐந்து மேட்ச் வெளியூர். சொந்த மைதானத்தில் ஆடினால் லாபம் என்பது உலகம் பூராவும் எல்லா லீக்கிலும் பார்த்த உண்மை. பயணக் களைப்பு இல்லை, தரை பழகிய தரை, கூட்டம் நம் கூட்டம். (ரெஃபரி மேல் கூட்டத்தின் சத்தம் வேலை செய்கிறது என்றும் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் கபடி பார்த்தவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.) முதல் பாதியில் ஐந்து வெளியூர் என்றால், பாக்கி ஏழில் ஐந்து சொந்த ஊர். பாதியில் நிற்கும் டீமைப் பார்க்கும்போது, எடுத்த பாயிண்டுடன் இனி யாரோடு, எங்கே ஆட வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

சரி, ஏழு மேட்சில் பத்து பாயிண்ட், அப்படியே இரண்டால் பெருக்கினால் இருபது. சுமாரான டீம், நாலாவது இடத்துக்கு முட்டி மோதும் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் அது நியாயமான கணக்கு.

ஆனால் கதை அப்படிப் போகவில்லை. அடுத்த மூன்று மேட்சும் தோல்வி. சென்னையில் கோவாவிடம் 0-2, புனேயில் 0-1, கொல்கத்தாவில் 1-2. பத்து மேட்சில் பத்து பாயிண்ட், டேபிளில் கடைசி. மீதி நாலு மேட்ச். நாலையும் ஜெயித்தால்கூட 22தான் கிடைக்கும். அன்றைக்குக் கணக்கு போட்டவன் என்ன போட்டிருப்பான்? மேட்சுக்கு ஒரு பாயிண்ட், 14 மேட்சுக்கு 14 பாயிண்ட். டீம் காலி.

நடந்தது என்ன? கேரளாவை 4-1. டெல்லியை 4-0. நார்த்ஈஸ்ட்டை 2-1. மும்பையை 3-0. நாலும் சொந்த மைதானம். நாலு மேட்சில் 13 கோல் அடித்து இரண்டே கோல் வாங்கினார்கள். கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 22, கிடைத்ததும் 22! மூன்றாமிடம். ஐந்தாவதாக நின்று வெளியே போன நார்த்ஈஸ்ட்டுக்கு 20 பாயிண்ட். அந்த நாலில் ஒன்றைத் தோற்றிருந்தால் சென்னைக்கு 19, வீட்டுக்குப் போயிருக்கும்.

அதே நாட்களில்தான் சென்னையை வெள்ளம் புரட்டிப் போட்டது. செமி ஃபைனலை சொந்த ஊரில் நடத்த முடியாமல் புனேக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, திரும்ப கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று ஃபைனலுக்குப் போனார்கள். டிசம்பர் 20, கோவாவில், கோவா டீமையே எதிர்த்து. 87ஆவது நிமிடம் கோவா 2-1 என்று முன்னிலை. 90ஆவது நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கை பட்டு சேம் சைடு கோல். பாவம், அதே ஆட்டத்தில் அவர் இரண்டு பெனால்டியைத் தடுத்திருந்தார். இரண்டு நிமிடம் கழித்து மெண்டோஸா. 3-2. கோப்பை சென்னைக்கு.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "ஆகவே நம்பிக்கையை விடாதே" என்று முடிப்பது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. ஏழு மேட்சில் போட்ட கணக்கு 20, உண்மையில் வந்தது 22. கிட்டத்தட்ட சரி! பத்து மேட்சில் போட்ட கணக்கு 14, படு தப்பு. அதிக மேட்ச் பார்த்தவன்தான் அதிகம் தப்பு செய்தான். ஏன்? அந்த மூன்று தோல்வியில் இரண்டு ஒரே கோல் வித்தியாசம். கடைசியாகப் பார்த்தது மனசில் பெரிதாக நிற்கிறது. மீதி நாலும் சொந்த ஊரில் என்பதை டேபிள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதற்கு நம் மேத்ஸ் புத்தகம் போதும். ஒரு டீம் ஒவ்வொரு மேட்சையும் ஜெயிக்க சரிபாதி வாய்ப்பு உள்ள டீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராவை விட்டுவிடலாம். ஏழு மேட்ச் என்றால் நாணயத்தை ஏழு தடவை சுண்டுவது. மொத்தம் 128 விதமாக விழலாம். அதில் இரண்டு வெற்றியோ அதற்குக் கீழோ வருவது எத்தனை? ஒரு வெற்றியும் இல்லாதது 1, ஒரே வெற்றி 7, இரண்டு வெற்றி 21. கூட்டினால் 29. 128இல் 29, அதாவது நூற்றுக்கு 22க்கு மேல். நல்ல டீமும் இல்லை, மோசமான டீமும் இல்லை, நடுத்தர டீம். அதுவே ஐந்துக்கு ஒரு தடவைக்கு மேல் பாதி சீசனில் படுகேவலமாகத் தெரியும்! அப்புறம் அது சாதாரணமாக ஆட ஆரம்பித்ததும், "ஆஹா, டீம் மாறிடுச்சு" என்று நாம் சொல்வோம். டீம் மாறவில்லை. நாணயம் சமமாகிக்கொண்டிருக்கிறது.

இதை நான் கால்பந்துக்காக மட்டும் எழுதவில்லை. கொஞ்சம் வீட்டு விஷயம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அண்ணன் பத்தாவதோடு நின்று சிப்காட்டில் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) காண்ட்ராக்டில் டிரெய்னியாகச் சேர்ந்தான். ஒரு வருடம், அதில் ஆறாவது மாதம் ஒரு ரிவ்யூ. அந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். கொடுத்தது அந்த லைனிலேயே பழைய மிஷின். ஸ்பிண்டில் ஆட்டம் போடும், காலையில் செட் பண்ணின சைஸ் ராத்திரி இருக்காது. ரிவ்யூவில் ஒரு ஷீட் வைத்திருந்தார்களாம். ஆள் பெயர், ரிஜெக்ஷன் எண்ணிக்கை. இரண்டே காலம். மிஷின் நம்பருக்குக் காலம் இல்லை, ஷிஃப்டுக்குக் காலம் இல்லை. புது மிஷினில் டே ஷிஃப்ட் பார்த்த பையன் தொடர்ந்தான், இவனை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எந்த மிஷின்ல ஓட்டுனேன்னு ஒரு ஆளாச்சும் கேட்டிருக்கலாம்டா." இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறான். என் ஃபீஸில் பாதி அவன் கட்டுவது.

2015 டேபிளைப் பார்த்தபோது எனக்கு அந்த ஷீட்தான் ஞாபகம் வந்தது. ஐந்து வெளியூர் மேட்ச் ஆடியவனும் ஐந்து உள்ளூர் மேட்ச் ஆடியவனும் ஒரே டேபிளில், ஒரே காலத்தில். நம்மில் பாதிப்பேர் இன்னும் ஒரு வருடத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் டிரெய்னியாக நிற்கப்போகிறோம். பத்து வருடம் கழித்து அந்த ஷீட்டைத் தயார் செய்யும் சூப்பர்வைசராகவும் சிலர் இருப்போம்.

சரி, கோச் விஷயத்துக்கு வருவோம். பாதியில் டீம் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது கோச் மேல்தான். 2019-20 சீசனில் சென்னைக்கு ஜான் கிரிகரி கோச். 2018இல் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆள். முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு மேட்ச் முடிவில் ஐந்து பாயிண்ட், அடித்தது 4, வாங்கியது 10. அவர் விலகினார், ஓவன் கோயல் வந்தார். அடுத்த 12 மேட்சில் ஏழு வெற்றி, மூன்று டிரா, இரண்டே தோல்வி. மொத்தம் 29 பாயிண்டோடு நாலாவது இடம், அப்புறம் ஃபைனல்! கொரோனா காரணமாகக் கூட்டமே இல்லாத மைதானத்தில் 2020 மார்ச் 14 அன்று கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றார்கள். அது வேறு விஷயம்.

கோச் மாறியதால்தான் டீம் மாறியதா? கோயல் டீமை முன்னே போய்த் தாக்க வைத்தார் என்பது உண்மை. ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். ஆனால் நாலு மேட்ச் கோலே இல்லை என்ற நிலைமை எப்படியும் நீடிக்காது என்பதும் உண்மை. ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்துத் தாயத்து கட்டினால் ஜுரம் இறங்கும். கட்டாவிட்டாலும் இறங்கியிருக்கும். கோயலை நான் தாயத்து என்று சொல்லவில்லை, 12 மேட்சில் ஏழு வெற்றி தாயத்தால் வராது. ஆனால் கணக்கில் ஒரு பங்கு தாயத்துக்கும் உண்டு.

பெங்களூரு ரசிகர்கள் முறைக்கிறார்கள், அவர்கள் கதையும் ஒன்று. 2022-23. முதல் 12 மேட்சில் மூன்று வெற்றி, ஒரு டிரா, எட்டு தோல்வி. பத்து பாயிண்ட். அதே சீசன் தொடக்கத்தில் டூராண்ட் கோப்பையை வாங்கிய டீம் இது! கோச் சைமன் கிரேசனை மாற்றவில்லை. கடைசி எட்டு மேட்சும் வரிசையாக வெற்றி. 34 பாயிண்ட், நாலாவது இடம். பிறகு சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக், கேரளா டீம் கோபித்துக்கொண்டு வெளியே போனது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபைனலில் பெனால்டியில் தோற்றார்கள். ஆக, ஒரு டீம் கோச்சை மாற்றி ஏறியது, இன்னொன்று மாற்றாமலே ஏறியது. இரண்டும் நாலாவது இடம், இரண்டும் ஃபைனலில் தோல்வி. இதிலிருந்து கோச்சைப் பற்றி என்ன முடிவு எடுப்பீர்கள்? நான் எடுக்க மாட்டேன்.

அப்படியானால் பாதியில் மோசமாக இருக்கும் டீம் எல்லாம் ஏறிவிடுமா? அப்படி நினைத்தால் 2018-19 சென்னையைப் பாருங்கள். நடப்பு சாம்பியன், அதே கோச் கிரிகரி. ரொம்ப நாள் காத்திருந்து முதல் வெற்றி வந்தது. சீசன் முடிவில் 18 மேட்சில் இரண்டே வெற்றி, ஒன்பது பாயிண்ட், கடைசி இடம். அங்கே நாணயம் சமமாகவில்லை. நிஜமாகவே கோளாறு இருந்தது. மேலே இருப்பவன் கீழே வரும் கதையும் உண்டு. இங்கிலாந்தில் 2022-23இல் ஆர்சனல் பாதியில், அதாவது 19 மேட்சில், 50 பாயிண்ட். கப்பு உறுதி என்றார்கள். மீதி 19இல் 34தான் வந்தது. 84 பாயிண்டோடு இரண்டாமிடம், 89 எடுத்த மான்செஸ்டர் சிட்டி சாம்பியன்.

எது துரதிர்ஷ்டம், எது நிஜக் கோளாறு? இதைப் பிரிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோல் என்பது ரொம்ப அபூர்வமான சமாசாரம். கிரிக்கெட்டில் ஒரு நாளில் முந்நூறு ரன் பார்க்கிறோம், இங்கே 90 நிமிடத்தில் இரண்டு மூன்று. எண்ணிக்கை கம்மியாக இருந்தால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அதிகம். அதனால் கோலை எண்ணுவதோடு, கோல் வரக்கூடிய வாய்ப்புகளையும் எண்ண வேண்டும் என்று இப்போது செய்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும், எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலா தலையா என்று பார்த்து, இது மாதிரி பழைய ஷாட்டுகள் நூற்றுக்கு எத்தனை கோல் ஆகின என்று ஒரு மதிப்பு போடுவார்கள். பெனால்டி என்றால் சுமார் முக்கால். முப்பது மீட்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று தேறினால் பெரிது. எல்லாவற்றையும் கூட்டினால் "இந்த டீம் இத்தனை கோல் அடித்திருக்க வேண்டும்" என்று வரும். எக்ஸ்பெக்டட் கோல் என்பது அதுதான். அதிகம் எதிர்பார்த்து கம்மியாக அடித்திருந்தால் பொறுமையாக இருக்கலாம். வாய்ப்பே உருவாக்காத டீம் என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் கணக்கு இல்லாவிட்டாலும் நோட்டு போதும். நான் செய்வது இதுதான்: பாக்ஸுக்கு உள்ளேயிருந்து அடித்த ஷாட்டுக்கு ஒரு கோடு, வெளியே இருந்து அடித்ததற்கு ஒரு புள்ளி. எதிராளிக்கும் அப்படியே. ஐந்து மேட்ச் தோற்ற டீமுக்கு எதிராளியை விட அதிகக் கோடு இருந்தால் அந்த டீமை நான் திட்ட மாட்டேன். நாலு மேட்ச் ஜெயித்த டீமுக்கு வெறும் புள்ளியாக இருந்தால், "கொஞ்சம் இருங்கடா" என்பேன். ரூமில் இதற்காக எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று, கோல் யார் அடிக்கிறார் என்பது. 2015இல் நாக்-அவுட் உட்பட சென்னைக்கு மொத்தம் 32 கோல், அதில் 13 மெண்டோஸா. அந்த சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டும் அவருக்கே. நூற்றுக்கு நாற்பது பங்கு ஒரே ஆளிடம். அந்த ஒரு முட்டி பிசகியிருந்தால் கதை வேறு. லைனில் ஒரே ஒரு மிஷின் நின்றால் மொத்த புரொடக்ஷனும் நிற்கும் என்றால் அந்த லைனைப் பற்றி என்ன சொல்வோம்? வெற்றி வரிசையாக வந்தாலும் பாதி சீசனில் இதை ஒரு ரிஸ்க் என்று எழுதத்தான் வேண்டும். 2015இல் மிஷின் நிற்கவில்லை. அவ்வளவே. காயம், சிவப்பு அட்டை, ஜனவரியில் வரும் புது ஆட்கள், இதெல்லாம் அந்தந்த டீமைப் பொறுத்தது, எனக்கு எழுத இடமும் இல்லை. மலர்க்குழு ஏற்கனவே இரண்டு தடவை "சுருக்கு, சுருக்கு" என்று சொல்லிவிட்டது.

நான் வைத்திருக்கும் நோட்டில் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பக்கம். மேலே பாயிண்ட். அதன் கீழே உள்ளூர், வெளியூர் தனித்தனியாக. பிறகு ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது எத்தனை, பெரிய வெற்றியை நீக்கினால் மிச்சம் என்ன, கோடு எத்தனை, புள்ளி எத்தனை. கடைசியில் மீதி மேட்சுகள், யாரோடு, எங்கே. அண்ணன் போன மாதம் வந்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல காலம் நிறைய இருக்குதேடா" என்றான். நோட்டு ஹாஸ்டல் இரண்டாவது மாடியில் என் ரூமில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தால் போதும், பின்பக்கம் தெர்மல் நோட்ஸ் இருக்கிறது.